எட்டாமல் விழுந்த பந்து

வில்மோர், வடக்கு டகோட்டா
16 நவம்பர் 1986

அன்புள்ள அக்கா வெர்லீனுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். மூக்கு மட்டும் இன்னும் சேரவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் உறைந்துபோயிற்று. இருக்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அப்பாவின் வாதம் வந்த வலது கையில் ஏதாவது அசைவு தெரிகிறதா? எழுது.

இந்த ஊரில் ஆட்டக்காரர்களை ஆளுக்கொரு வீடாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு வாய்த்தது டோலெஃப்ஸன் அம்மாளின் வீட்டு நிலவறை. நான் எதிரே போய் நின்றால் அவருக்குக் கழுத்து வலிக்கிறதாம். "உக்காந்து பேசுப்பா, இல்லாட்டி பேசாத" என்கிறார். நல்ல மனுஷி. சமையலில் உப்பைக் கண்டால் மட்டும் பயம்.

எங்கள் கூடைப்பந்து அணிக்குக் காட்டெருமைகள் என்று பெயர். என்னைவிட வயதானவர் கோச் ஹாகன் ஒருவர்தான். சின்ன லீக் என்றாலும் இங்கே கணக்கு விசித்திரமாக இருக்கிறது. ஆட்டத்தை ஜெயித்தால் மூன்று புள்ளி. அது தவிர, ஆட்டத்தின் நான்கு கால் பகுதிகளில் எதில் அதிகம் போடுகிறோமோ அதற்கெல்லாம் தனித்தனியாக ஒரு புள்ளி. முப்பது வித்தியாசத்தில் தோற்றுக்கொண்டிருந்தாலும் கடைசிக் கால் பகுதியை ஜெயித்தால் ஒரு புள்ளி உண்டு. ஆகவே இங்கே யாரும் சீக்கிரம் செத்துவிட முடியாது.

பேசியது எனக்கு நினைவிருக்கிறது. மார்ச் 28 கடைசி ஆட்டம். நீ மெம்ஃபிஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் அங்கே இருப்பேன்.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல். திட்டினால் அதையும் எழுது.

உன் தம்பி,
எலரி


டார்வெல், மிசிசிப்பி
30 நவம்பர் 1986

அன்புத் தம்பி எலரிக்கு,

நீ நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். என் முதுகைப் பற்றிக் கேட்டதற்குச் சந்தோஷம். அது இருக்கிறது. அப்பாவின் வலது கை அசையவில்லை. இடது கை இரண்டு கையின் வேலையையும் செய்கிறது, எறிவது உட்பட.

நான் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறைக்கு வேலைக்குப் போகும் நேரத்தில் பார்த்துக்கொள்ளட்டும் என்று பக்கத்துத் தெரு ஓஸி அம்மாளை வைத்தேன் அல்லவா? அரை நாள் தாக்குப்பிடித்தாள். ஊட்ட வந்தவள் மேல் கஞ்சிக் கிண்ணத்தை வீசிவிட்டார். தலையெல்லாம் கஞ்சியோடு போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "இந்த மனுஷன ரத்த சொந்தத்தத் தவிர யாரும் தாங்க முடியாதும்மா. சொந்தமே தாங்குதான்னு எனக்குச் சந்தேகம்." அவள் சொன்னது சரி. நீயோ நானோதான்.

ஆகவே திரும்ப ஒரு தடவை எழுதிவிடுகிறேன். ஏப்ரல் 6, திங்கட்கிழமை காலை மெம்ஃபிஸ் நர்ஸிங் பள்ளியில் நான் நிற்க வேண்டும். முப்பத்தாறு வயதுக்காரியைச் சேர்த்துக்கொண்டதே அதிசயம். வராவிட்டால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும், மறுபடி விண்ணப்பிக்க வயது தாண்டிவிடும் என்று அங்கே சேர்க்கை பார்க்கும் பெண்மணி நேருக்கு நேர் சொல்லிவிட்டாள். பதினாறு வருஷம் குழந்தைகளுக்கு மக்காச்சோளம் அள்ளிப் போட்டிருக்கிறேன் எலரி. எனக்கு இது வேண்டும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், எனக்கு இது ரொம்ப வேண்டும்.

தோற்றவனுக்கும் புள்ளி கொடுக்கிற லீக்கா? நீ போய்ச் சேர்ந்த இடம் சரிதான்.

போன் செய்யாதே, எழுது. மூன்று நிமிஷத்தில் இரண்டரை நிமிஷம் அப்பாவைத் திட்டியே போய்விடுகிறது.

அன்புடன் அக்கா,
வெர்லீன்


வில்மோர்
20 டிசம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

ஓஸி அம்மாளின் தலை இப்போது எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. அன்றைக்கு மறுநாள் மொன்டானாவில் ஆட்டம். பஸ்ஸில் கால் நீட்ட இடமில்லை என்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

பக்கத்து இருக்கை டோனலுக்கு. டெட்ராயிட் பையன், வயது இருபத்து மூன்று. என்னைப் 'பெருசு' என்றுதான் கூப்பிடுகிறான். "பெருசு, நீ ஆட ஆரம்பிச்சப்ப பந்து வட்டமாத்தான் இருந்துச்சா?" என்று நேற்று கேட்டான். நான் தூங்குவதுபோல் இருந்துவிட்டேன். நன்றாக ஆடுகிறான். பெரிய லீக்குக்குப் போய்விடுவோம் என்று நினைக்கிறான். எனக்கும் அந்த வயதில் அந்த நினைப்பு இருந்தது.

கோச் ஹாகன் அதிகம் பேசுவதில்லை. சென்ற வாரம் பயிற்சி முடிந்து நான் கோட்டில் நின்று ஃப்ரீ த்ரோ போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். "உனக்குத் தவறுறதே அபூர்வம். ஆனா தவறினா நீளமாத்தான் போகுது, வளையத்தோட பின் விளிம்புல. ஒரு பந்துகூட குறைஞ்சு விழுந்து நான் பார்த்ததில்ல. யார் சொல்லிக் குடுத்தா?" என்றார்.

"பன்னிங்க" என்றேன்.

அவர் மேலே கேட்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த டோனல் அன்றிலிருந்து, நான் ஃப்ரீ த்ரோ போடும்போது, பின் விளிம்பில் பட்டால் பந்து எங்கே திரும்புமோ அங்கே போய் நிற்கிறான். இரண்டு தடவை பலித்துவிட்டது. கெட்டிக்காரன்.

மார்ச் 28 மாறவில்லை.

உன் தம்பி,
எலரி


டார்வெல்
6 ஜனவரி 1987

அன்புத் தம்பிக்கு,

புது வருஷம் உனக்கு நல்லதாகப் பிறந்திருக்கட்டும். இங்கே அப்பா அதைக் கெட்ட வார்த்தையோடு வரவேற்றார். பேச்சு வருகிறது, ஒரு சொல், இரண்டு சொல். வருகிற சொல்லையெல்லாம் எழுத முடியாது.

பன்றிகள் என்று படித்ததும் அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். தண்டவாளத்தில் ஆணி அடிக்கிற சம்மட்டியால் அப்பா அந்த வளையத்தைப் பெக்கான் மரத்தில் அறைந்தார். மரத்தடியில் சிம்ஸின் பன்றிகள் புரளும் சேற்றுக் குழி இருப்பதை அறைந்த பிறகுதான் கவனித்தார், பிடுங்க மனமில்லை. பந்து நீளமாகப் போனால் மரத்தில் பட்டு உன்னிடமே வரும். எட்டாமல் போனால் குழிக்குள். இறங்கி எடுத்தது யார்? நான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு. ஒவ்வொரு தடவையும் உன் மண்டையில் ஒன்று போட்டேன். உனக்கு ஃப்ரீ த்ரோ சொல்லிக்கொடுத்தது பன்றி இல்லை, என் கை. கோச்சிடம் திருத்திச் சொல்.

உன் லீக் கணக்கை நானும் வைத்துக்கொண்டேன். குளிப்பாட்டுவது, சாப்பாடு, மருந்து, தூக்கம், இவை நான்கும் நான்கு கால் பகுதி. பெரும்பாலும் அப்பாதான் ஜெயிக்கிறார். நேற்று மருந்தில் நான் ஜெயித்தேன். அதற்கே எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குச் சொன்னால் சிரிப்பாய்.

நர்ஸ் உடைக்கு அளவு கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
வெர்லீன்


வில்மோர்
12 பிப்ரவரி 1987

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. பஸ், பனி, முழங்கால் என்று மூன்று காரணம் சொல்லலாம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அப்பாவைத் தனியாகத் தூக்காதே.

சென்ற செவ்வாய்க்கிழமை பெரிய லீக் அணி ஒன்றிலிருந்து ஒருவர் ஆட்டம் பார்க்க வந்தார். டோனலைப் பார்க்கத்தான் வந்திருப்பார் என்று நினைத்தேன். அப்படித்தான் வந்தாராம். ஆட்டம் முடிந்து என்னிடமும் வந்தார்.

"வயசு என்ன?"

"முப்பத்திரண்டு."

"எங்ககிட்ட கார்டு இடத்துல ஆடுறவனுக்குக் கால்ல அடி. ஏப்ரல்ல பத்து நாள் ஒப்பந்தத்துக்கு ஆள் தேடுவோம். உங்க அணி அடுத்த சுற்றுக்கு வந்தா நான் திரும்ப வரேன். அந்தப் பையனையும் பார்க்கணும், உன்னையும் பார்க்கணும்."

ஒன்பது வருஷத்தில், ஐந்து அணியில், இப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. அன்றைக்கு டோலெஃப்ஸன் அம்மாளின் சாப்பாடு உப்போடு இருந்ததுபோல் தோன்றியது.

நாங்கள் இப்போது ஐந்தாவது இடத்தில் இருக்கிறோம். முதல் நான்கு அணிதான் அடுத்த சுற்றுக்குப் போகும். போனால் ஆட்டங்கள் ஏப்ரல் முழுக்க இருக்கும்.

நடந்ததைச் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

உன் தம்பி,
எலரி


டார்வெல்
20 பிப்ரவரி 1987

எலரிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ சுகம் என்று தெரிந்தது. இங்கேயும் சுகம்.

உடை தைத்து வந்துவிட்டது. வெள்ளை. கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். அப்பா அதைப் பார்த்து "யார் செத்தா?" என்று கேட்டார்.

நீ எதையும் கேட்கவில்லை. ஆகவே நானும் எதற்கும் பதில் எழுதவில்லை.

வெர்லீன்


வில்மோர்
14 மார்ச் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் சிறியதாக இருந்தது. அதைப் பல தடவை படித்தேன்.

கோச்சிடம் நேரே போய்க் கேட்டேன். மறைக்காமல் உனக்கு எழுதுகிறேன்.

"கோச், அடுத்த சுற்றுக்குப் போனா, ஏப்ரல் மூணாம் தேதி நான் ஊருக்குக் கிளம்பணும்."

"யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப போக முடியாது." பிறகு சொன்னார்: "நீ போனா இந்தப் பசங்க கதி என்ன? பந்த முன்னால கொண்டு போக ஆள் எங்கே இருக்கு? கையெழுத்துப் போட்டிருக்கே எலரி. ஆட்டம் இருக்கிற வரைக்கும் நீ இருக்கணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் இடத்தில் நானும் அதைத்தான் சொல்வேன்.

இப்போது நான்காவது இடத்துக்கு எங்களுக்கும் இன்னொரு அணிக்கும் போட்டி. இழுபறி. கடைசி ஆட்டம் வரை தெரியாது என்கிறார்கள். டோனல் தன் அம்மாவை வரச் சொல்லி டிக்கெட் அனுப்பியிருக்கிறான். பெரிய லீக் ஆள் வரும்போது அவளும் இருக்க வேண்டுமாம்.

ஒரு வழி பார்க்கிறேன். என்ன வழி என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

முழங்கால் பரவாயில்லை.

உன் தம்பி,
எலரி


டார்வெல்
23 மார்ச் 1987

அன்புத் தம்பி எலரிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாம் ரொம்ப நன்றாக இருக்கிறது.

நல்ல செய்தி ஒன்று. நர்ஸிங் பள்ளியில் புதுக் கட்டடம் முடியவில்லையாம். எங்கள் வகுப்பைச் செப்டம்பருக்குத் தள்ளிவிட்டார்கள். என் இடம் அப்படியே இருக்கும். ஆகவே நீ அவசரப்பட வேண்டியதில்லை. ஏப்ரல் முழுக்க நிம்மதியாக ஆடு. பெரிய லீக் ஆள் வரும்போது நன்றாகக் குளித்துவிட்டுப் போ.

அப்பாவும் நன்றாக இருக்கிறார். நேற்று இரவுச் சாப்பாட்டைத் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். எனக்கு நன்றி சொன்னார். விடியும் வரை அமைதியாகத் தூங்கினார். முதுகுவலியும் விட்டுவிட்டது.

எதைப் பற்றியும் கவலைப்படாமல் ஆடு.

எப்போதும் உன் அன்பு அக்கா,
வெர்லீன்


வில்மோர்
29 மார்ச் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் கடிதம் நேற்று, சனிக்கிழமை காலை வந்தது. டோலெஃப்ஸன் அம்மாள் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அப்பா தட்டைக் காலி செய்ததாகவும், நன்றி சொன்னதாகவும், விடியும் வரை தூங்கியதாகவும் எழுதியிருந்தாய். முப்பத்திரண்டு வருஷமாக அந்த மனிதரை எனக்குத் தெரியும். கடிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாலையில் கடைசி ஆட்டம். எங்களுக்கு ஒரே ஒரு புள்ளி வேண்டியிருந்தது. முதல் மூன்று கால் பகுதியையும் எதிரணி தூக்கிக்கொண்டு போனது. ஆட்டம் கையை விட்டுப் போய்விட்டது. ஊர்க்காரர்களில் பாதிப் பேர் காரை எடுக்கக் கிளம்பிவிட்டார்கள். கடைசிக் கால் பகுதி மட்டும் மிச்சம். அதை ஜெயித்தால் அந்த ஒரு புள்ளி வரும், அடுத்த சுற்று வரும். வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு கூத்தைப் பார்க்க முடியாது: இருபது வித்தியாசத்தில் தோற்றுக்கொண்டிருக்கிற ஐந்து பேர் உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள்.

டோனல் பிசாசு மாதிரி ஆடினான். அந்தப் பகுதிக் கணக்கு சமமாகி நின்றது. முடிய இரண்டு நொடி இருக்கும்போது என்னை ஒருவன் தள்ளினான். நடுவர் ஒரு ஃப்ரீ த்ரோ கொடுத்தார். அது விழுந்தால் பகுதி எங்களுக்கு. விழாவிட்டால் சமம், சமத்துக்குப் பாதிப் புள்ளிதான், அது போதாது.

போகக் கிளம்பிய கூட்டம் நின்று திரும்பிப் பார்த்தது. கோச் உட்கார்ந்துவிட்டார். நான் தவறினால் என்று டோனல் பழைய இடத்தில் போய் நின்றுகொண்டு கண்ணடித்தான்.

பந்து வளையத்தின் முன் விளிம்பைத் தொட்டு நேரே கீழே விழுந்தது. எதிரணிக்காரன் எடுத்துக்கொண்டான். மணி அடித்தது.

உடை மாற்றும் அறைக்குப் போனேன். டோனல் என் முன்னால் வந்து உட்கார்ந்தான். "உன் பந்து எங்க வரும்னு எனக்குத் தெரியும் பெருசு. அங்கதான் நின்னேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கோச் கையைக் கொடுத்தார். என் முகத்தை நிறைய நேரம் பார்த்தார்.

சீசன் முடிந்தது. வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். நீ பெட்டி கட்டு. செப்டம்பருக்கு இல்லை, திங்கட்கிழமைக்கு.

உன் தம்பி,
எலரி


மெம்ஃபிஸ், டென்னஸி
19 ஏப்ரல் 1987

அன்புத் தம்பி எலரிக்கு,

நீயும் அப்பாவும் ஒருவரையொருவர் கொல்லாமல் இருக்கிறீர்களா? நான் சுகம். உண்மையாகவே சுகம். உடை கொஞ்சம் இறுக்கம். வகுப்பில் எல்லோரும் என்னை 'அம்மா' என்கிறார்கள்; ஆனால் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னபோது யாருக்கும் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. டீச்சர் கேட்டாள், "எங்கே பழகினே?" என்று. "வீட்டுல ஒரு முரடன் இருக்கார்" என்றேன்.

நீ வந்து நான் கிளம்புவதற்குள் மூன்று இரவு ஒரே வீட்டில் இருந்தோம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் செப்டம்பர் என்று எழுதியதை நீயும் கேட்கவில்லை. நம் வீட்டில் யாருக்கும் நேரில் வாய் திறக்காது.

அதனால் இங்கிருந்து கேட்கிறேன். முன் விளிம்பு என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது கையில் கடிதத்தோடு பின்வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சேற்றில் எத்தனை தடவை இறங்கியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். எந்த வயதுக்குப் பிறகு இறங்கவே வேண்டியிருக்கவில்லை என்பதும் தெரியும்.

பந்து தானாக விழுந்ததா எலரி? இல்லை, நீ விழவைத்தாயா? ஆமாம் என்றால் உன்மேல் எனக்குக் கோபம்தான் வரும். அந்தப் பையனுக்காக வரும், உனக்காக அதைவிட அதிகமாக வரும். இல்லை என்றால் நான் நம்பமாட்டேன். இருந்தாலும் எழுது.

இங்கே ஒவ்வொரு காலையும் அந்த வெள்ளை உடையை மாட்டும்போது இதைத்தான் நினைக்கிறேன்.

அன்புடன்,
வெர்லீன்


டார்வெல்
3 மே 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நோயாளியைத் திருப்பிப் போட்ட கதையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பா நேற்று கஞ்சிக் கிண்ணத்தைச் சுவரில் அடித்தார். சாப்பாட்டில் தோற்றேன், குளிப்பாட்டுவதில் தோற்றேன், மருந்தில் சமம். ஆகவே இந்தக் கடிதத்தில் இருப்பதெல்லாம் உண்மை என்று நீ எடுத்துக்கொள்ளலாம்.

டோனலுக்கு ஒரு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. வராமல் போனாலும் நியாயம்தான். பெரிய லீக் ஆள் யாரையோ எடுத்துக்கொண்டாராம். செய்தித்தாளில் பார்த்தேன், பெயர் மனதில் நிற்கவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன்.

இப்போது மாலையில் அப்பாவை நாற்காலியோடு தூக்கி வாசலில் வைக்கிறேன். சிம்ஸ் வீட்டுப் பன்றிகள் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஆனால் முந்தாநாள் மழை பெய்து மரத்தடிக் குழியில் சேறு இருந்தது. அப்பா நெடுநேரம் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் மரத்தைக் காட்டி, "கா...ட்டு" என்றார்.

"எத?"

"அந்த... பந்த."

உன் கடிதங்களை அவருக்குப் படித்துக் காட்டியது என் தப்பு. பந்தை எடுத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில் நின்றேன். போட்டேன். வளையத்துக்குள் போயிற்று.

"அது இல்ல" என்றார்.

மறுபடி போட்டேன். அதுவும் உள்ளே போயிற்று. தலையை ஆட்டினார். மூன்றாவது நீளமாகப் போய் மரத்தில் பட்டு என் கைக்கே திரும்பியது. நான்காவது பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போட்டேன். முன் விளிம்பைத் தொட்டு நேரே சேற்றில் விழுந்தது.

அப்பா சிரித்தார். வாயின் ஒரு பக்கம்தான் சிரிக்க முடிகிறது, ஆனால் அழுகையோடு சேர்ந்து நிறைய நேரம் சிரித்தார். நான் குழியில் இறங்கிப் பந்தை எடுத்துத் துடைத்துக்கொண்டு அவரிடம் போனதும், இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மண்டையில் ஒன்று போட்டார். நோய் வந்த பிறகு அவர் வாயிலிருந்து இரண்டு சொல்லைத் தாண்டி வந்த முதல் வாக்கியத்தைச் சொன்னார்.

"உங்க அக்காகிட்ட சொல்லிடாதடா."

ஆகவே அக்கா, உன் கேள்விக்கு என்னால் பதில் எழுத முடியாது. நன்றாகப் படி.

உன் தம்பி,
எலரி